வெந்நீருக்குக் காவல் நிற்கும் சிறு பெட்டி



கொடைக்கானலில் மாதக் கணக்கு எழுதுகிறவர்கள் அரிசி, பருப்புக்கு அடுத்த வரியில் வெந்நீரை எழுதவேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டரில் இருக்கிறோம். மார்கழி, தை மாதங்களில் ஏரிக்கரைப் புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். குழாய்த் தண்ணீர் 12 டிகிரியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 லிட்டரை 55 டிகிரிக்குச் சூடாக்க ஒன்றேகால் யூனிட் மின்சாரம் வேண்டும். இரண்டு கிலோவாட் கீசரில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 27 டிகிரியில் தண்ணீர் வருகிற கீழ்நாட்டு ஊர்களில் அதே வேலை முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே போனால் முடிந்துவிடும். ஆக, தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற நேரம் மலைக்காரர்களுக்கு அதிகம். அந்த இரண்டுக்கும் நடுவே மனிதனைக் காப்பாற்ற வந்த ஒரு சிறு பெட்டியின் வரலாற்றைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

பழைய வழியை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. செம்பு பாய்லர், நடுவில் ஒரு குழாய், அதற்குள் கரியோ சுள்ளியோ போட்டு மூட்டிவிட்டால் சுற்றியுள்ள தண்ணீர் கொதிக்கும். விறகுக்கு மலையில் பஞ்சம் இருந்ததில்லை. யூகலிப்டஸையும் சீகை மரத்தையும் வெள்ளைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கொண்டுவந்து நட்டதற்கு எரிபொருள் தேவையும் ஒரு காரணம். பிறகு மின்சாரம் வந்தது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது. 1957 ஜூலை 1ஆம் தேதி சென்னை மாநில மின்சார வாரியம் பிறந்தது. கம்பிகள் மெல்ல மெல்ல ஊர் ஊராக நீண்டன. 2013இல் மலைக்காடுகளில் பெரும்பகுதி வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. விறகு அரிதாக அரிதாக, வாளிக்குள் தொங்கவிடும் ஹீட்டர் ராடும், அதற்குப் பின்னால் கீசரும் வீட்டுக்கு வீடு நுழைந்தன.

பாய்லர் கையைச் சுடும், கண்ணைக் கரிக்கும். ஆனால் தொட்டவுடனே ஆளைக் கொல்லாது. ஹீட்டர் அப்படிப்பட்டதில்லை.

ஹீட்டர் ராடைப் பிளந்து பார்த்தால் உள்ளே ஒரு சுருள் கம்பி இருக்கும். நிக்கலும் குரோமியமும் கலந்த அந்த உலோகத்துக்கு அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் 1906இல் காப்புரிமை பெற்றார். சிவக்கச் சிவக்கக் காய்ந்தாலும் அது எளிதில் எரிந்து போகாது. சுருளைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்து, வெளியே செம்புக் குழாயோ வேறு உலோகக் குழாயோ போர்த்தியிருப்பார்கள். அந்தப் பொடி சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு, ஈரத்தை உறிஞ்சும். குழாயில் நூலளவு வெடிப்பு விழுந்தாலும், முனையில் அடைப்பு தளர்ந்தாலும் ஈரம் உள்ளே போய்விடும். போய்விட்டால் பொடி மின்சாரத்தை வெளியே விடும். உலோகக் குழாய்க்கும், தண்ணீருக்கும், வாளிக்கும், கையை விட்டுப் பார்க்கிற ஆளுக்கும் அது பாயும். வாரக்கணக்கில் மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் நம் ஊரில் இது எவ்வளவு சுலபமாக நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

“ப்யூஸ் இருக்கிறதே, போய்விடாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. அரசாங்க உத்தியோகத்தில் இருந்த காலத்தில் என் மேஜைக்கு வந்த கோப்புகளில் ‘மின்சாரம் தாக்கி இறந்தார்’ என்ற வரியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். பெயர், வயது, வாரிசு, உதவித்தொகைக்குப் பரிந்துரை. அத்துடன் கோப்பு அடுத்த மேஜைக்குப் போய்விடும். அந்த வீட்டு ப்யூஸ் ஏன் போகவில்லை என்று எந்தக் கோப்பும் கேட்டதில்லை. கேட்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமும் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படித்து அதற்கு விடை தேடினேன்.

விடை ஒரு சிறு வகுத்தல் கணக்கில் இருக்கிறது. கீசரின் உலோக உடம்பில் 230 வோல்ட் ஏறிவிட்டது. உடம்பிலிருந்து எர்த் கம்பி வெளியே போய், குழியில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழாயில் சேர்கிறது. எர்த் நன்றாக இருந்து தடை 5 ஓம் என்றால், 230ஐ 5ஆல் வகுக்க 46 ஆம்பியர் ஓடும்; 15 ஆம்பியர் ப்யூஸ் உருகிவிடும். ஆனால் நம் மலை சார்னோகைட் பாறை. மேல்மண் எவ்வளவு ஈரமாக இருந்தாலும் கொஞ்சம் தோண்டினால் பாறை வந்துவிடுகிற இடங்கள் பல. அங்கே எர்த்தின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுவது 4.6 ஆம்பியர்தான். ப்யூஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அது அசையாமல் இருக்க, கீசரின் உடம்பில் கிட்டத்தட்ட முழு வோல்டேஜும் நின்றுகொண்டிருக்கும். வீட்டில் எர்த்தே இல்லையென்றால் கேட்கவே வேண்டாம்.

ஜெர்மனியில் ஹூகோ ஸ்டோட்ஸின் நிறுவனத்திலிருந்து 1924இல் காப்புரிமை பெற்று வந்த எம்.சி.பி.க்கும் இதே கதைதான். இன்றைக்கு நம் வீடுகளில் ப்யூஸ் கேரியர் இருந்த இடத்தில் வரிசையாக நிற்கிற அந்த ஸ்விட்சுகள் அளவுக்கு மீறிய கரண்டிலிருந்து வயரைக் காப்பாற்றும். வீடு தீப்பிடிக்காமல் காப்பாற்றும். மனித உடம்பைக் கொல்லும் கரண்டோ அவற்றின் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது.

எவ்வளவு சின்னது என்பதை உலகம் கண்டுபிடிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1899இல் ஜெனீவாவில் பிரெவோ, பத்தேலி என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் நாய்களை வைத்துச் சோதனை செய்தார்கள். மின்சாரம் பட்டால் இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே படபடக்கத் தொடங்குகிறது, சாவுக்கு அதுதான் வழி என்று காட்டினார்கள். அதன்பின் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் இன்னொரு கேள்வியை எடுத்துக்கொண்டார். மின்கம்பியைப் பிடித்துவிட்ட கை, எந்த அளவு வரைக்கும் தானாக விட முடியும்? 134 ஆண்களும் 28 பெண்களும் தாமாக முன்வந்து உப்புத் தண்ணீரில் நனைத்த கையால் கம்பியைப் பிடித்தார்கள். சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் போனால் தசை இறுகிக்கொள்ளும்; கை விடாது. ஆஸ்திரியாவில் கோட்ஃப்ரீட் பீகல்மையர் என்பவர் தம் உடம்பிலேயே மின்சாரம் பாய்ச்சி அளந்து பார்த்தார்.

ஒரு மில்லி ஆம்பியர் என்பது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 15 ஆம்பியர் ப்யூஸ் 15,000 மில்லி ஆம்பியர் வரை பேசாமல் இருக்கும். கை விடாமல் போக 16 போதும். அந்தக் கோப்புகள் கேட்காத கேள்விக்கு விடை இந்த இரண்டு எண்களுக்கும் இடையே இருக்கிறது.

அப்படியானால் இவ்வளவு சின்னக் கசிவை எப்படிப் பிடிப்பது? முதலில் வந்த கருவி, இயந்திரத்தின் உடம்புக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு காயிலை வைத்தது. உடம்பில் வோல்டேஜ் ஏறினால் காயில் இழுத்து மெயினைத் துண்டிக்கும். இ.எல்.சி.பி. என்ற பெயர் அந்தக் காலத்தில் நம் எலெக்ட்ரீஷியன்கள் வாயில் ஒட்டிக்கொண்டது, இன்றுவரை போகவில்லை. ஆனால் அதில் ஓட்டை இருந்தது. கீசர் உடம்பு தண்ணீர்க் குழாய் வழியாக வேறு எங்காவது எர்த் ஆகியிருந்தால் காயிலுக்குச் சேதியே போகாது. ஆள் நேரடியாக வயரைத் தொட்டாலும் அதற்குத் தெரியாது.

இரண்டாவது வழிதான் நிலைத்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் பள்ளிப்படிப்பு படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கருவியை ‘திஸ்ழோன்க்தர் திஃபெரான்சியேல்’ என்பார்கள். வித்தியாசத்தைப் பார்த்துத் துண்டிப்பது என்று அர்த்தம். அந்தப் பெயரிலேயே அதன் வேலை முழுவதும் அடங்கிவிடுகிறது. நம் பாஷையில் சொன்னால் இது ஒரு கேஷ் புக். பேஸ் வயரும் நியூட்ரல் வயரும் ஒரு காந்த வளையத்துக்குள்ளே நுழைந்து போகின்றன. போன கரண்டு அத்தனையும் திரும்பி வந்தால் ஒன்றின் காந்தத்தை இன்னொன்று அழித்துவிடும். வளையம் சும்மா இருக்கும். ஒரு பங்கு யாருடைய உடம்பு வழியாகவோ தரைக்குப் போய்விட்டால் போனதும் வந்ததும் ஒத்துப்போகாது. அந்த வித்தியாசம் வளையத்தில் காந்தமாகி, மேலே சுற்றிய மெல்லிய கம்பியில் மின்சாரமாகி, ரிலேயைத் தட்டிவிடும். எங்கே போனது, யார் எடுத்தார் என்ற விசாரணையே இல்லை. கணக்கு உதைத்தால் உடனே கதவை மூடு. அவ்வளவுதான்.

1950களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் இந்த வழியில் ஒரு கருவி செய்தார். முதலில் 250 மில்லி ஆம்பியரில் துண்டித்தது. பிறகு அவரே வீடுகளுக்கு ஏற்றபடி 20 மில்லி ஆம்பியருக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் 1961இல் டால்சீல் தாம் அளந்த எண்களையே அடிப்படையாக வைத்து 5 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கருவியைக் கண்டுபிடித்தார். ஐரோப்பா 30 மில்லி ஆம்பியரில் நின்றது. நாமும் அதையே எடுத்துக்கொண்டோம். நம் ஐ.எஸ். 12640 தரப்படி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் 0.3 வினாடிக்குள்ளும், 150 கசிந்தால் 0.04 வினாடிக்குள்ளும் துண்டிக்கவேண்டும். தசை இறுகலாம், வலிக்கலாம், பயந்து போகலாம். இதயம் படபடக்கத் தொடங்குவதற்கு முன் மின்சாரம் நின்றிருக்கும்.

இந்த ஆராய்ச்சியில் என்னை இறக்கிவிட்டவன் அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன். அவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். கார் ஷெட்டில் மூன்று பெரிய எவர்சில்வர் பானைகள்; சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி.

“என்னடா இது, கல்யாண சமையலா?” என்று கேட்டேன்.

“இல்ல மாமா, வீட்டுலயே பீர் காய்ச்சுறேன். கரண்டு அடுப்புதான்” என்றான்.

“அந்தப் பெட்டி எதுக்கு?”

“அது ஸ்பா பேனல் மாமா. ஷாக் அடிக்காம இருக்க.”

அங்கே வீட்டில் தன் குடும்பத்துக்குப் பீர் காய்ச்சிக்கொள்ள 1978இல் சட்டம் வழிவிட்டது. இங்கே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆகவே யாரும் பானையைத் தூக்கவேண்டாம். ஆனால் அந்தப் பெட்டியின் கதை சுவையானது. 1968இல் அமெரிக்க மின்சார விதித்தொகுப்பு, நீச்சல் குளத்துக்குள் எரியும் விளக்குகளுக்கு இந்தக் கசிவுக் கருவி வேண்டும் என்று முதலில் சொன்னது. 1975இல் குளியலறை பிளக்குகளுக்கும் அந்த விதி வந்தது. ராய் ஜக்கூசி நீர்ச்சுழல் தொட்டியை விற்கத் தொடங்கியதும் அதே 1968இல்தான். வெந்நீர்த் தொட்டிகள் பெருகப் பெருக, அவற்றுக்கென்று 50 ஆம்பியர் கசிவு பிரேக்கரை ஒரு மழைப்பெட்டிக்குள் வைத்துக் கம்பெனிகள் மொத்தமாகச் செய்தன. அதுதான் ஸ்பா பேனல். மொத்தமாகச் செய்ததால் விலை குறைவு. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு 5,500 வாட் ஹீட்டர் வேண்டும். 240 வோல்ட்டில் அது 23 ஆம்பியர் இழுக்கும். தனியாக 30 ஆம்பியர் கசிவு பிரேக்கர் வாங்குவதைவிட இந்தப் பெட்டி மலிவு என்று கண்டு அதை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். வயரைக் காக்க மெயினில் 30 ஆம்பியர் சாதாரண பிரேக்கர், ஆளைக் காக்க நடுவில் ஸ்பா பேனல். இரண்டு வேலைக்கு இரண்டு ஆள்.

அதை மாட்டும்போது பலர் இடறுகிற இடத்தையும் அவனே சொன்னான். பெட்டிக்குப் பிறகு போகும் நியூட்ரல் வயரை பிரேக்கரின் நியூட்ரல் திருகில்தான் மாட்டவேண்டும். பொதுப் பட்டையில் மாட்டினால் திரும்பி வருகிற கரண்டு வளையத்துக்குள் நுழையாது. ஸ்விட்ச் போட்டவுடன் விழுந்துவிடும். கேட்டபோது எனக்கு நம் ஊர் ஞாபகம்தான் வந்தது. பழைய வீடுகளில் ஒரு அறையின் பேஸுக்கு இன்னொரு அறையின் நியூட்ரலைக் கடன் வாங்கியிருப்பார்கள். இன்வெர்ட்டர் வைக்கும்போது இரண்டு நியூட்ரலையும் முறுக்கிச் சேர்த்திருப்பார்கள். புதிதாகக் கருவி வைத்த அன்றே அது விழுந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆசைப்பட்டு அமெரிக்காவிலிருந்து யாரும் அந்தப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அங்கே 120 வோல்ட் வயர் இரண்டைச் சேர்த்து 240 எடுக்கிறார்கள். நமக்கு ஒரு பேஸ், ஒரு நியூட்ரல், 230 வோல்ட். நமக்கு ஏற்றது ஆர்.சி.சி.பி. என்ற பெயரில் நம் கடைகளிலேயே கிடைக்கிறது.

சட்டத்தையும் பார்க்கலாம். விதி என்றால் அதிலுள்ள எண்ணை முதலில் பார்ப்பது குமாஸ்தாவின் பழக்கம். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் பிற்பாடு 61ஏ என்று ஒரு விதி சேர்த்து, கசிவுக் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் 5 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள இணைப்புகளுக்குத்தான். ஒரு கீசரும் நாலு பல்பும் உள்ள வீடு அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடும். ஆபத்து அதிகம் உள்ள சின்ன வீடுதான் விதிக்கு வெளியே நின்றது. 2010இல் மத்திய மின்சார ஆணையம் புதிய பாதுகாப்பு விதிமுறைகள் கொண்டுவந்தது. பின்னர் அந்த 5 கிலோவாட் 2 ஆக இறங்கியது. தமிழ்நாட்டிலும் அண்மை ஆண்டுகளில் ஒழுங்குமுறை ஆணையம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மின்வாரிய அறிவிப்புகளில் ‘உயிர்காக்கும் சாதனம்’ என்று அழகாகப் பெயர் போட்டிருக்கிறார்கள். பிரான்சில் வீட்டுப் பிளக்குகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கருவி 1991இலேயே வந்துவிட்டது.

விதி வந்தால் போதாது என்பதற்கும் நம் ஊரிலேயே சாட்சி உண்டு. இங்குள்ள ஒரு தங்கும் விடுதியில், மழைக்காலத்தில் கருவி அடிக்கடி விழுகிறது என்று அதைச் சுற்றி வயரை ‘டைரக்ட்’ கொடுத்துவிட்டார்கள். வெந்நீர் தங்கு தடையில்லாமல் வந்தது. தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் மெக்கர் வைத்துப் பார்த்தபோது ஒரு கீசரின் ஹீட்டர் ஈரம் குடித்துக் கசிந்துகொண்டிருந்தது. அதை மாற்றியதும் கருவி விழுவது நின்றது. அது அத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தது உண்மைதான். கேட்கத்தான் ஆள் இல்லை. சீசனுக்கு மட்டும் திறக்கிற வீடுகளில் மாதக்கணக்கில் சும்மா கிடந்த கீசரைப் போட்டவுடன் கருவி விழுந்தால் இதையே முதலில் சந்தேகப்படுங்கள்.

அது செய்யாத வேலைகளும் உண்டு. ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று இரண்டையும் பிடித்தால் கணக்கு ஒத்துப்போகும். கருவி பேசாமல் இருக்கும். ஓவர்லோடு ஆனாலும் ஆர்.சி.சி.பி. துண்டிக்காது; அதற்கு எம்.சி.பி. கூடவே வேண்டும். எர்த் கம்பியும் வேண்டும். எர்த் நன்றாக இருந்தால் ஆள் தொடுவதற்கு முன்பே கசிவு அதன் வழியே போய்க் கருவி விழுந்துவிடும். இல்லாவிட்டால் அது விழுவதற்கு யாராவது ஒருவர் தொடவேண்டியிருக்கும். ஹீட்டர் ராடை ஸ்விட்ச் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடவேண்டும் என்ற நம் அம்மாக்களின் கட்டளையும் இன்றுவரை செல்லும்.

50 ஓம் தடையுள்ள நம் பாறை எர்த் ப்யூஸுக்கு உதவாது என்று மேலே சொன்னேன். இந்தக் கருவிக்கு அதுவே தாராளம். 4.6 ஆம்பியர் என்பது 4,600 மில்லி ஆம்பியர். அதற்கு வேண்டியது வெறும் 30. மலைக்காரர்களுக்கு இது கீழ்நாட்டாரைவிட அதிகம் தேவை என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்கள் மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால், அதில் ‘டி’ என்று ஆங்கில எழுத்துப் போட்ட ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கருவி தானே ஒரு கசிவை உண்டாக்கித் தன்னைச் சோதித்துக்கொள்ளும். அழுத்தியவுடன் டப்பென்று விழவேண்டும். விழாவிட்டால் அதை உடனே மாற்றுங்கள். மாதம் ஒரு முறை, கரண்டு பில் ரீடிங் பார்க்கும்போதோ பென்ஷன் வாங்கிய அன்றோ, ஒரு தரம் அழுத்திவிடுங்கள். பொத்தானே இல்லாத போர்டாக இருந்தால், அடுத்த குளிர் வருவதற்குள் ஒரு நல்ல எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.